ஒரு சங்கிலி அகலப் பூங்கா

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். சர்வேயர். முப்பது வயதுகூட இருக்காது. பழைய அளவுப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். கையில் ஒரு பக்கத்தின் நகல் வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே, "இது ரெங்கசாமி சார் பென்சிலாச்சே" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் 5-40 என்று ஓர் அளவு. அதன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 6-40. அதற்குக் கீழே இரண்டு சுருக்கொப்பங்கள். அதற்கும் கீழே, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக மூன்றாவதாக ஒரு முழுக் கையெழுத்து.

"ரெண்டு பேரு சர்வேயருன்னு தெரியுது சார். மூணாவது ஆளுக்கு என்ன பதவின்னு போடுறது? அந்தக் கட்டத்த நெரப்பாம கம்ப்யூட்டரு அடுத்த பக்கத்துக்கே போவ மாட்டேங்குது" என்றார். கூடவே இன்னொரு சந்தேகம். "அந்த ஊரணிப் பக்கத்துப் பூங்கா மட்டும் எப்படி சார் அளந்து வச்ச மாதிரி சரியா அறுபத்தாறு அடி அகலம்?"

"அளந்து வச்சதில்ல தம்பி, அளக்காம விட்டது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை காபி வந்து போனது. போகும்போது, "இத எழுதிக் குடுங்க சார், ஆபீஸ்ல யாருக்குமே தெரியாது" என்று கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன். என்னைக் காட்டிக்கொடுக்கிற விஷயம்தான். இனி என்னை யார் என்ன செய்ய முடியும்?

நான் வல்லத்திராக்கோட்டைக்காரன். பெயர் கருப்பையா. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டில் எனக்குப் பத்தொன்பது வயது. ஆபீசுகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை மாறிக்கொண்டிருந்த நேரம். யாரிடம் மனுக் கொடுப்பது என்று மனு வாங்குகிறவர்களுக்கே தெரியாத அந்தக் குழப்பத்தில், எனக்கு நகராட்சியில் சங்கிலி பிடிக்கிற வேலை கிடைத்தது. பிறகு சர்வே பரீட்சை எழுதி, இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை தேறினேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலையைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது முக்காலியில் ஒரு பெட்டியை வைத்து, அது சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். எங்களுக்கு இரும்புச் சங்கிலி. நூறு கண்ணி, அறுபத்தாறு அடி நீளம், இரண்டு முனையிலும் பித்தளைக் கைப்பிடி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும். முன்னவர் கையில் பத்து அம்பு இருக்கும். வில்லில் பூட்டுகிற அம்பு இல்லை. ஒரு முழ நீள இரும்புக் கம்பி, ஒரு முனை கூர், மறு முனை வளையம். சங்கிலி முடிகிற இடத்தில் முன்னவர் ஓர் அம்பைக் குத்திவிட்டு மேலே நடப்பார். பின்னவர் அந்த அம்புவரை வந்து, கைப்பிடியை அதோடு சேர்த்துப் பிடிப்பார். முன்னால் அடுத்த அம்பு குத்தியதும் இதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார். கடைசியில் பின்னவர் கையில் எத்தனை அம்போ அத்தனை சங்கிலி. மனக்கணக்கு கிடையாது, விரல் மடக்குவது கிடையாது. அம்பு சொல்வதுதான் அளவு.

நான் பின்னவன். முன்னவர் சவரிமுத்து அண்ணன், இலுப்பூர்ப் பக்கம். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே சர்வேயர் ரெங்கசாமி சார்.

ரெங்கசாமி சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் 'ங்க' தான். அளவுக் கோட்டில் மாடு படுத்திருந்தால், அதனிடமும் "செத்த நகருங்க" என்றுதான் சொல்வார். ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பார். அதை விரித்துத் தன் தலைக்குப் பிடிக்க மாட்டார், சங்கிலிக்குப் பிடிப்பார். வெயிலில் இரும்பு நீண்டுவிடுமாம். அறுபத்தாறு அடிச் சங்கிலிக்கு ஒரு குடை என்ன நிழல் தரும் என்று சவரிமுத்து அண்ணன் என்னிடம் முணுமுணுப்பார். சாரிடம் கேட்க எங்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை.

பதிவேடு எழுதுவது அவருக்குப் பூஜை. கெட்டியான பென்சில், நெல்முனை போலச் சீவியிருக்கும். ரப்பர் வைத்துக்கொள்ளவே மாட்டார். தப்பாகிவிட்டால் அழிக்கக் கூடாது. மேலே ஒரே ஒரு கோடு, கீழே உள்ளது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியான அளவு, அதன் கீழே சுருக்கொப்பம். "தப்பு நடந்தது நடந்ததுதாங்க. அத அழிச்சா ரெண்டாவது தப்பு" என்பார். அந்தப் பதிவேட்டையும் பென்சிலையும் வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கோடு அளந்து முடிந்ததும் எங்களை எதிரெதிரே நிறுத்துவார். "கையிலங்க?" என்று என்னைக் கேட்பார். "ஏழு" என்பேன். "மிச்சமுங்க?" என்று அண்ணனைக் கேட்பார். "மூணு" என்பார் அவர். "ஆகப் பத்து" என்று சார் சொன்ன பிறகுதான் பென்சில் தாளில் படும். ஆயிரம் தடவை இதைச் செய்திருப்போம். செய்யாமல் விட்டது ஒரே ஒரு தடவை.

அது ஊருக்குத் தெற்கே, ஊரணிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியை அளந்த நாள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். மேற்கே தெரு, அதை ஒட்டி ஓட்டுக் கட்டடம், அதற்குப் பின்னால் கிழக்கே நீளமாக மைதானம். மைதானம் ஒரு முள்வேலியில் முடியும். வேலிக்கு அப்பால் ஊரணிக் கரைவரை நகராட்சியின் வெற்றிடம்.

பள்ளியின் தலைமையாசிரியை மங்களம் டீச்சர். நல்ல உயரம். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருப்பார். பாதி ஊர் அவரிடம் அடி வாங்கியது, மீதி ஊர் அவரிடம் அடி வாங்கிய அப்பன்களின் பிள்ளைகள். கணக்குப் பாடத்தைக் கட்டடத்துக்குள் நடத்த மாட்டார். ஐந்தாம் வகுப்பு முழுக்க வெளியில்தான். மரத்தின் நிழலை அளந்து உயரம் கண்டுபிடிக்க வேண்டும். கிணற்றில் கல்லைப் போட்டு எண்ண வேண்டும். வருஷக் கடைசிக் கணக்கு எப்போதும் ஒன்றேதான்: அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட ஐம்பதடித் தேங்காய்நார்க் கயிற்றால் தெருமுனையிலிருந்து வேலிவரை மைதானத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற செட்டு ஒவ்வொன்றும் மைதானத்தின் கிழக்குக் கோடியில் நான்கு கன்று வைக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம். வேம்பு, பூவரசு, புங்கை, நாவல். ஹைஸ்கூலுக்குப் போன பிறகும் சாயங்காலம் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். கன்று நட்டவன் உயரத்துக்கு வந்த பிறகுதான் விடுதலை. குள்ளமான பையன்களுக்கு அதில் கொஞ்சம் லாபம்.

அன்றைக்குக் காலையில் நாங்கள் அனுமதி கேட்காமல் மைதானத்துக்குள் சங்கிலியை விரித்துவிட்டோம். பாதி வழி போவதற்குள் டீச்சர் வந்துவிட்டார். "பள்ளிக்கூடம் நடக்குறப்ப சொல்லாமக் கொள்ளாம உள்ள வர இது என்ன சந்தையா?" என்று ரெங்கசாமி சாரைப் பிடித்துக்கொண்டார். சார் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பதிவேடுமாக, "இல்லைங்கம்மா, ஆமாங்கம்மா" என்று நின்றார். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு அளந்துகொண்டே போனோம்.

கிழக்குக் கோடியில் அந்த வருஷத்துக் கன்றுகள். அண்ணன் குத்திய கடைசி அம்பு அப்போதுதான் தண்ணீர் ஊற்றிய ஒரு பூவரசங்கன்றின் பாத்தியில் இறங்கியிருந்தது. ஈரமண்ணில் வளையம்வரை போய்விட்டது. நான் அதன் மேல் கைப்பிடியை அழுத்தி நின்றேன். வேலியிலிருந்து அண்ணன், "நாப்பது கண்ணி" என்று கத்தினார். அம்பைப் பிடுங்கக் குனிந்தேன். பின்னாலிருந்து இடி விழுந்தது.

"அடேய் கழுத! கன்ன மிதிச்சுக்கிட்டு நிக்கிறியே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? அங்கிட்டுப் போடா!"

அங்கிட்டுப் போனேன். ஒரே தாவல். வேலியருகில் போய்த்தான் நின்றேன். இருபத்தொரு வயசில் ஒரு வகுப்பே சிரிக்க ஒருவன் கழுதை ஆவது லேசுப்பட்ட காரியமில்லை. காதெல்லாம் எரிந்தது. சார் டீச்சருக்குப் பதில் சொல்லிக்கொண்டே தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் கையைப் பார்த்து, "அஞ்சுங்க, நாப்பது கண்ணி" என்றேன். அவர் 5-40 என்று எழுதினார். எதிரெதிரே நிறுத்தவில்லை. "ஆகப் பத்து" சொல்லவில்லை. எப்படியாவது அந்த இடத்தை விட்டுக் கிளம்பினால் போதும் என்று எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது. மத்தியானமே வேலியிலிருந்து ஊரணிக் கரைவரை உள்ள வெற்றிடத்தையும் அளந்து முடித்தோம். அது சரியாக நான்கு சங்கிலி.

சாயங்காலம் ஆபீஸில் சாமான்களைக் கட்டும்போது அண்ணன் என்னைப் பார்த்தார். "டேய், ஒம்பதுதான் இருக்கு."

இரண்டு பேரும் சாக்கை உதறினோம், சைக்கிள் கேரியரைத் தடவினோம். அம்பு தொலைந்தது தெரிந்தால் சார் திட்ட மாட்டார். "அப்படிங்களா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாளெல்லாம் பேசாமல் இருப்பார். அது திட்டுவதை விட மோசம். "வழியில சைக்கிள்ளேருந்து விழுந்திருக்கும்டா" என்றார் அண்ணன். நானும் ஆமாம் என்றேன். மறுநாள் விடிந்ததும் கொல்லுப் பட்டறைக்குப் போய், பழைய அம்பைக் காட்டி அதே மாதிரி ஒன்று அடித்து வாங்கி அம்புக் கட்டுக்குள் செருகிவிட்டேன்.

பின்னவன் கையிலிருந்து ஓர் அம்பு குறைந்தால் ஒரு சங்கிலி குறையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஒரு தடவை தோன்றியது. பட்டறையில் துருத்தி ஊதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. அப்புறம் அம்பு ஆறிவிட்டது, நானும் அதை மறந்துவிட்டேன்.

ஒன்பது வருஷம் போனது. சவரிமுத்து அண்ணன் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார். நான் பரீட்சை தேறி உதவி சர்வேயர் ஆகியிருந்தேன். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கல்யாணமாகி மூத்தவள் பிறந்திருந்தாள். ரெங்கசாமி சார் ரிட்டயராக நான்கு மாதம் இருந்தது. முப்பத்து மூன்று வருஷ வேலையில் அவர் பெயரில் ஒரு மெமோகூடக் கிடையாது என்று ஆபீஸே பேசும்.

அப்போது பள்ளிக்குக் கிழக்கே உள்ள வெற்றிடத்தை நெல் காயப்போடும் களத்துக்காக அரிசி மில் சொக்கலிங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க நகராட்சி முடிவு செய்தது. நல்ல மனுஷன். மங்களம் டீச்சரிடம் படித்தவர்தான். அவருக்குக் கல் ஊன்றிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

வேலி எப்போதோ மக்கி விழுந்து போயிருந்தது. தடயம் இல்லை என்றால் பதிவேடுதான் தடயம். தெருமுனைக் கல்லிலிருந்து கிழக்கே ஐந்து சங்கிலி நாற்பது கண்ணி அளந்து ஒரு கல் ஊன்றினேன். அங்கிருந்து நான்கு சங்கிலி அளந்து இன்னொரு கல். நிமிர்ந்து பார்த்தால் டீச்சரின் மரங்கள் அத்தனையும் மில்காரர் களத்துக்குள் நிற்கின்றன. பட்டுப்போனது போக நாற்பது மரம் இருக்கும். அந்தப் பக்கம் ஊரணிக் கரைக்கு முன்னால் ஒரு சங்கிலி நிலம் மிச்சமாகக் கிடக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தண்ணீர் ஓரத்தில் நிலம் கூடினாலும் குறைந்தாலும் பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிடுவோம். கரை ஒதுங்கியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல் ஊன்றுவதைப் பார்க்க டீச்சர் வந்தார். தலை நரைத்திருந்தது, கடிகாரம் அதே கடிகாரம். சொக்கலிங்கம் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னடா சொக்கலிங்கம், மரத்த வெட்டப் போறியாமே?"

"நெழல்ல நெல்லு காயாதுல்ல டீச்சர். எங்க செட்டு வச்ச நாவமரமும் அதுல இருக்கு. மத்த ஆளு கை வைக்க விட மாட்டேன், அத மட்டும் நானே வெட்டிக்கிறேன்."

"பெரிய உபகாரம்டா" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். என்னை அடையாளம் தெரியவில்லை. "ஏன் தம்பி, ஒங்க அளவு சரிதானா?"

"ரெக்கார்டுல உள்ளதுங்க" என்றேன். பதில் சொல்ல வழியில்லாத சர்வேயர் சொல்கிற பதில் அது.

வியாழக்கிழமை காலை வெட்டுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் டீச்சர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். ரெங்கசாமி சார் அன்று ஆவுடையார்கோவில் போயிருந்தார். டீச்சர் என் மேஜையில் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தார். எல்லாம் பள்ளிக்கூட நோட்டுகள், வருஷத்துக்கு இரண்டு மூன்று.

"வேலி நின்ன அத்தன வருசமும் புள்ளைங்க இதே மைதானத்தத்தான் அளந்துருக்குதுங்க. நீங்களே பாருங்க தம்பி."

பார்த்தேன். 422. 421. 423. 422. ஒரு நோட்டில் மட்டும் 1422.

"அத விடுங்க. அவன் காண்ட்ராக்டர் மவன்" என்றார் டீச்சர்.

நான் பதிவேட்டின் 5-40ஐ அடியாக மாற்றினேன். 356 வந்தது. 422இலிருந்து அதைக் கழித்தேன். அறுபத்தாறு.

சர்வேயர் பிழை அங்குலத்தில் வரும், கூடிப்போனால் சில அடியில் வரும். நூல் பிடித்த மாதிரி சரியாக அறுபத்தாறு அடி வருவதற்கு உலகத்தில் ஒரே வழிதான் உண்டு. எனக்கு அந்தப் பூவரசங்கன்றும் ஈரப் பாத்தியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கழித்ததையே இன்னொரு தடவை கழித்துப் பார்த்தேன்.

"என்ன தம்பி, புள்ளைங்க தப்பா அளந்துருக்குதுங்களா?"

"சாரு வரட்டுங்க டீச்சர். நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் வேலை நிரந்தரம் ஆகாது. ஆகாதது மட்டுமில்லை, போனாலும் போகும். அதைவிட, பதிவேட்டில் எழுதிய கை ரெங்கசாமி சாருடையது. நான்கு மாதத்தில் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷன். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பிள்ளைகளின் நார்க்கயிறு எங்கே, அரசாங்கச் சங்கிலி எங்கே என்று ஒரு வரி எழுதினால் கமிஷனர் அதோடு கோப்பை மூடிவிடுவார். நாற்பது மரம் போகும். நான் பயந்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

புதன்கிழமை காலை ரெங்கசாமி சார் நாற்காலியில் உட்காருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கன்று, டீச்சர் திட்டியது, பட்டறை, எல்லாம். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து அம்புக் கட்டை எடுத்து வந்தார். பிரித்து, பார்க்காமலே விரலால் தடவி, ஒன்றை மட்டும் தனியே எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுதானுங்களே?"

தலையாட்டினேன்.

"மத்த ஒம்பதுக்கும் வளையம் வலது பக்கம் முறுக்கிருக்கு. இது எடதுகைக்காரன் முறுக்குனது. வேல சுத்தமாத்தான் இருக்கு" என்றார். "மறுநாளே பார்த்துட்டேங்க. கேட்டா, ரெண்டு பேரு மேலயும் எழுதணும். எதுக்கு எழுதிக்கிட்டுன்னு விட்டுட்டேன். அம்பு போச்சுங்கிறது எனக்குத் தெரிஞ்சுது கருப்பையா. அதோட ஒரு சங்கிலியும் போச்சான்னு யோசிக்க வேண்டியவன் நானு. நீங்க இல்ல."

ஒன்பது வருஷம் அந்த மனுஷர் தினமும் அந்த அம்பைத் தொட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குச் சங்கிலிய எடுத்துக்கிட்டு வாங்க. வெயில் வாரதுக்குள்ள அளந்துருவோம்" என்றார்.

வியாழக்கிழமை காலை. கோடாலிக்காரர்கள் நாலு பேர் நாவல் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். சொக்கலிங்கம் வந்திருந்தார். டீச்சர் ஐந்தாம் வகுப்பு மொத்தத்தையும் வரிசையாக நிறுத்தியிருந்தார். ரெங்கசாமி சார் நேராக அவரிடம் போய், "அம்மா, இன்னக்கி அனுமதி கேட்டுட்டு அளக்குறோம்ங்க" என்றார்.

முன்னால் புதிதாகச் சேர்ந்த ஆள். பின்னால் பிடிக்க வேறு ஆள் இருந்தும் நானே பிடித்தேன். சர்வேயர் பின்சங்கிலி பிடிப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. சார் குடையை விரித்துச் சங்கிலிக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நான் அம்பைப் பிடுங்கப் பிடுங்க பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். "ஒண்ணு... ரெண்டு..." ஐந்தாவது அம்பைத் தாண்டி, நான் ஊன்றிய கல்லைத் தாண்டி, மரங்களுக்குள் போனோம். ஆறாவது அம்பு ஒரு பூவரசின் அடியில் இறங்கியது. பக்கத்துப் பிள்ளையைவிட மூன்று மடங்கு உயரம் அந்த மரம். பழைய வேலிக்கால் ஒன்றின் அடிக்கட்டை மண்ணுக்குள் அகப்பட்டது. அதுவரை நாற்பது கண்ணி.

எங்களை எதிரெதிரே நிறுத்தினார் சார்.

"கையிலங்க?"

"ஆறு."

"மிச்சமுங்க?"

"நாலு."

"ஆகப் பத்து" என்று ஐந்தாம் வகுப்பே கத்தியது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

சார் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கி, பதிவேட்டைத் திறந்து, 5-40 மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 6-40 எழுதினார். கீழே தன் சுருக்கொப்பம். நான் கை நீட்டினேன். "நீங்க போட வேணாம்ங்க. ஒங்களுக்கு இன்னும் வேல நெரந்தரமாவல" என்றார் மெதுவாக. நான் கையை எடுக்கவில்லை. சார் பென்சிலைக் கொடுத்தார். பதினோரு வருஷத்தில் அன்றுதான் அந்தப் பென்சிலைத் தொட்டேன்.

டீச்சர் விடவில்லை. "எப்படி விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. புள்ளைங்களுக்குத் தெரியணும்ல?"

சொன்னேன். அந்தப் பூவரசின் அடியைக் காட்டிச் சொன்னேன். குனிந்தது, திட்டு விழுந்தது, தாவியது. டீச்சர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"கன்ன மிதிச்ச கழுத நீதானா?"

"நான்தானுங்க டீச்சர்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கன்னக் காப்பாத்துறேன்னு கத்துனேன். அந்தக் கத்துதான் இன்னக்கி இத்தன மரத்தையும் கோடாலிகிட்டக் கொண்டாந்து விட்டுருக்கு" என்றார். பிறகு ரெங்கசாமி சார் முன்னால் கையை நீட்டினார். "அந்தப் பென்சில இங்கிட்டுக் குடுங்க. நானும் போடணும்."

அரசாங்கப் பதிவேட்டில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்று எனக்கே பாடம் நடத்தியவர் சார். மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பென்சில் முனையை ஒரு தடவை பார்த்தார். மழுங்கியிருந்தது. பையிலிருந்து கத்தியை எடுத்துச் சீவி, ஊதி, டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் சுருக்கொப்பம் போடவில்லை. முழுப் பெயரையும், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உருண்டையாக எழுதினார்.

சொக்கலிங்கத்துக்கு நஷ்டம் இல்லை. அவருடைய நான்கு சங்கிலி அப்படியே கிழக்கே நகர்ந்து கரையோடு பொருந்திக்கொண்டது. நடுவில் நின்ற ஒரு சங்கிலிதான் தலைவலி ஆனது. பள்ளிக்கான உத்தரவில் ஐந்து-நாற்பதுதான் இருந்தது. மில் உத்தரவில் நாலுதான் இருந்தது. இது எதிலும் இல்லாத நிலம். டீச்சர் பள்ளிக்குக் கேட்டு மூன்று மனு எழுதினார். கடைசியில் கமிஷனர், மரம் இருக்கிற இடம் பொதுப் பூங்காவாக இருக்கட்டும் என்று தனி எண் கொடுத்து முடித்துவிட்டார். டீச்சர் ஒரு வாரம் கோபமாக இருந்தார். அப்புறம் அவரே சாயங்காலத்தில் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார். நாவல் மரத்தடியில் முதல் சிமெண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்தது சொக்கலிங்கம்.

ரெங்கசாமி சாருக்கு மெமோ வந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் முதலும் கடைசியும். பென்ஷன் உத்தரவு வருவதற்கும் ரொம்ப நாள் இழுத்தது. எனக்கு வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி சார் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரிட்டயராகும் அன்று, இடது பக்கம் முறுக்கிய அந்த அம்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தொலைந்த அசல் அம்பு இன்றுவரை அகப்படவில்லை. பூவரசின் வேர் அதை விழுங்கியிருக்கும்.

டீச்சர் காலமானது அறுபதுகளின் நடுவில். அதற்கு முன்பே ஊர் அதை டீச்சர் பூங்கா என்றுதான் சொல்லும். பெயர்ப்பலகையில் முழுப் பெயரும் எழுதி வைத்தது பிறகுதான். பலகைக்கு இடம் அளந்து கொடுத்தது நான். யாரும் கேட்காவிட்டாலும், "ஆகப் பத்து" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தத் தம்பி நகலோடு, கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கான படிவத்தையும் எடுத்தார். "எல்லாம் சரிங்க சார். மூணாவது ஆளுக்குப் பதவி என்னன்னு போட?"

"மூணு பேருக்கும் ஒரே பதவிதான் தம்பி. தப்புப் பண்ணுனவங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பேனாவை எடுத்து, மூன்றாவது கட்டத்தில் 'தலைமையாசிரியை' என்று எழுதிக்கொண்டார். இரண்டாவது கட்டத்தில் ஏற்கெனவே என் பெயருக்கு நேரே 'சர்வேயர்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு நான் உதவி சர்வேயர்தான், அதுவும் நிரந்தரமாகாதவன். பேனாவை வாங்கி, அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, கீழே சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன்.